சினைப்பைக் கட்டிக்கு ரோபோ: அறுவை மருத்துவர்கள் எதைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள்?

கோபியிலோ தாராபுரத்திலோ எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கோவைக்கு வரும் குடும்பம், மருத்துவர் எதிரே உட்கார்ந்ததும் கேட்கிற கேள்வி மாறிவிட்டது. முன்பெல்லாம் "ஓப்பன் ஆபரேசனுங்களா, லேப்ராஸ்கோப்பிங்களா?" என்று கேட்டார்கள். இப்போது "ரோபோவுலயே பண்ணிரலாமுங்களா டாக்டர்?" என்கிறார்கள். பம்பும் மோட்டாரும் பஞ்சாலை இயந்திரமும் செய்து வளர்ந்த சீமை இது. இயந்திரம் என்றால் இங்கே பயமில்லை, மதிப்புதான் உண்டு. கேள்வியில் தப்பும் இல்லை. ஆனால் சினைப்பைக் கட்டியைப் பொறுத்தவரை அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி இன்னொன்று: இந்தக் கட்டி என்ன ஜாதிக் கட்டி, அதை உடையாமல் முழுசாக வெளியே எடுக்க முடியுமா?

இந்த முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால், ரோபோவா கையா என்பதில் அனுபவமுள்ள மருத்துவர்களுக்குள் பெரிய சண்டை இருப்பதில்லை. வெளியில் தெரிவதைவிட அவர்களுக்குள் ஒற்றுமை அதிகம். கருத்து வேறுபடும் இடங்கள் சிலவே. அவை எவை, ஏன் என்று சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

ரோபோ தானாக எதையும் வெட்டுவதில்லை. மருத்துவர் அதே அறையில், சில அடி தள்ளி, ஒரு கன்சோலில் முகம் புதைத்து உட்கார்ந்திருப்பார். கை அசைவை இயந்திரம் வாங்கி, நோயாளியின் வயிற்றுக்குள் இருக்கும் கருவிகளுக்கு அனுப்பும். கருவிகள் 8 மில்லிமீட்டர் துளை வழியாகப் போகின்றன. லேப்ராஸ்கோப்பிக் கருவி நேர்க்கம்பி. ரோபோக் கருவிக்கு நுனியில் மணிக்கட்டு உண்டு, எல்லாப் பக்கமும் மடங்கும். பார்வை முப்பரிமாணம், சுமார் பத்து மடங்கு பெரிதாகத் தெரியும். கை நடுக்கம் வடிகட்டப்படும். உலகில் அதிகம் புழங்குவது டாவின்சி. மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்.டி.ஏ. அதற்கு 2000ல் முதல் அனுமதி கொடுத்தது, மகளிர் நோய் அறுவைக்கு 2005ல். வெர்சியஸ், ஹியூகோ ஆகியவையும் இருக்கின்றன. நம் நாட்டுத் தயாரிப்பான எஸ்.எஸ்.ஐ. மந்த்ராவும் 2022ல் சந்தைக்கு வந்துவிட்டது.

பெரும்பாலான ரோபோக்களிடம் இல்லாத ஒன்று தொடு உணர்வு. பிடித்திருப்பது பஞ்சா கல்லா என்று கைக்குத் தெரியாது. கண் பார்த்துத்தான் மூளை ஊகிக்க வேண்டும். 2024ல் வந்த டாவின்சி 5 மாடலில்தான் அழுத்தத்தை ஓரளவு கைக்கு உணர்த்தும் வசதி சேர்ந்தது. சினைப்பைப் புற்றுநோய் விஷயத்தில் இது ஏன் முக்கியம் என்பது பின்னால் தெரியும்.

ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது

'நீர்க்கட்டி' என்ற ஒரே சொல்லால் நாம் பத்து விதமான விஷயங்களைக் குறிக்கிறோம். மாதவிலக்கு நிற்காத பெண்ணுக்கு 5 சென்டிமீட்டருக்குக் குறைவாக, உள்ளே சுத்தமான நீர் மட்டும் இருக்கும் மெல்லிய கட்டி பெரும்பாலும் தானே மறையும். ஆறு முதல் பன்னிரண்டு வாரம் விட்டு மறுபடி ஸ்கேன் பார்த்தால் போதும். அதற்கு ரோபோவும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். முடி, பல், கொழுப்பு அடங்கிய டெர்மாய்டு, பழைய இரத்தம் தேங்கிய சாக்லேட் கட்டி, நீரோ கொழகொழப்போ நிரம்பிப் பெரிதாக வளரும் சிஸ்டடினோமா இவையெல்லாம் புற்று அல்லாதவை. இவற்றுக்கு அப்பால்தான், புற்றுக்கும் புற்றில்லாததற்கும் நடுவே நிற்கும் எல்லைக்கோட்டுக் கட்டிகளும் புற்றுக்கட்டிகளும் வருகின்றன.

பிரித்துப் பார்க்க ஒரு பழைய, எளிய கணக்கு இன்றும் உதவுகிறது. 1990ல் வெளியானது, ஆர்.எம்.ஐ., அதாவது புற்று அபாயக் குறியீடு என்பார்கள். ஸ்கேனில் ஐந்து அடையாளங்களைத் தேடுவார்கள்: கட்டிக்குள் பல அறைகள், கெட்டியான பகுதி, இரண்டு பக்கமும் கட்டி, வயிற்றில் நீர், வேறு இடத்தில் பரவல். ஒன்றுமில்லை என்றால் 0, ஒன்று இருந்தால் 1, இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 3. மாதவிலக்கு நின்றவருக்கு 3, நிற்காதவருக்கு 1. இவற்றை சி.ஏ.125 இரத்தப் பரிசோதனை எண்ணோடு பெருக்க வேண்டும். 58 வயதுப் பெண்ணுக்குக் கட்டியில் கெட்டிப் பகுதியும் வயிற்றில் நீரும் இருந்து, சி.ஏ.125 வெறும் 60 என்றாலும் கணக்கு 3 × 3 × 60 = 540. 200ஐத் தாண்டினாலே புற்றுநோய் அறுவை தெரிந்தவரிடம் போக வேண்டும். 28 வயதுப் பெண்ணுக்கு ஒரே அடையாளம், சி.ஏ.125 120 என்றால் 1 × 1 × 120 = 120தான். இரத்த அளவு இரட்டிப்பாக இருந்தும் சந்தேகம் குறைவு. சி.ஏ.125 சாதாரண எல்லையான 35க்கு மேல் போனாலே பயந்து அழுகிற குடும்பங்களுக்கு இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுக் காட்டினால் பாதி பாரம் இறங்கும்.

சி.ஏ.125 பலவற்றால் ஏறும். மாதவிலக்கு நாட்கள், கர்ப்பம், கர்ப்பப்பைத் தசைக்கட்டியான ஃபைப்ராய்டு, கர்ப்பப்பையின் உள்வரித் திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் எல்லாம் ஏற்றும். நம் ஊரில் மறக்கவே கூடாதது வயிற்றுக் காசநோய். வயிற்றில் நீர், உடல் மெலிவு, நூற்றுக்கணக்கில் சி.ஏ.125 என்று புற்றுநோயைப் போலவே வந்து நிற்கும். அந்த நீரை எடுத்துச் சோதித்து, சந்தேகம் தீராவிட்டால் சிறு துளை வழியாக ஒரு துண்டு எடுத்துப் பார்த்தால், பெரிய அறுவையே தேவைப்படாமல் ஆறு மாத மாத்திரையில் குணமாகும். பதின்ம வயதுப் பெண்ணுக்கு கெட்டியான கட்டி என்றால் சி.ஏ.125 போதாது. ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். என்ற மூன்று இரத்தப் பரிசோதனைகளும் பார்க்க வேண்டும், முட்டை செல்களில் கிளம்பும் புற்றுக்கட்டிகள் பெரும்பாலும் இள வயதில்தான் வருகின்றன.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சந்தேகமுள்ள சினைப்பைக் கட்டியை வெளியிலிருந்து ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்க்கவே கூடாது. வயிற்றுக்குள் தேங்கிய நீரை எடுப்பது வேறு, கட்டியைக் குத்துவது வேறு. "ஊசியில தண்ணி எடுத்துட்டா சரியாயிருமுங்க" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிட வேண்டும்.

ஒரு பை, ஒரு கீறல்

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், சினைப்பைப் புற்று பரவும் விதம் அப்படி. முட்டை ஓடு மாதிரி ஒரு உறைக்குள் அடங்கியிருக்கும் வரை அது 1ஏ நிலை. அறுவையின்போது உறை கிழிந்து உள்ளிருப்பது வயிற்றில் சிந்தினால், ஃபிகோ என்ற சர்வதேச மகளிர் மருத்துவக் கூட்டமைப்பு வகுத்து 2014 முதல் உலகம் முழுக்கப் பின்பற்றும் வகைப்பாட்டில் அது 1சி1. நோய் வளரவில்லை, மருத்துவர் கையில் நிலை மாறிவிட்டது. சில வகைப் புற்றுகளில் அறுவையோடு முடிந்திருக்க வேண்டிய பெண், அந்த ஒரு கிழிசலால் மூன்று வாரத்துக்கொரு முறை கீமோதெரபிக்கு வர வேண்டியதாகும்.

அதனால்தான் லேப்ராஸ்கோப்பியோ ரோபோவோ, துளை வழி அறுவையில் மருத்துவர்கள் அதிகம் பேசுவது ரோபோவின் கையைப் பற்றி அல்ல, ஒரு பிளாஸ்டிக் பையைப் பற்றி. கட்டியை விடுவித்ததும் அதை நேராக வெளியே இழுப்பதில்லை. உதவி மருத்துவர் தன் துளை வழியாகச் சுருட்டிய பையை உள்ளே விடுவார், அது விரிந்து வாய் திறக்கும். கட்டியை நேராகப் பிடிக்காமல் அதன் காம்பையோ குழாயையோ பிடித்துப் பைக்குள் இறக்க வேண்டும். பிறகு பையின் வாயைத் தொப்புள் வழியாகவோ, அடிவயிற்றில் போட்ட 4 முதல் 5 சென்டிமீட்டர் கீறல் வழியாகவோ, கர்ப்பப்பையையும் எடுத்திருந்தால் பிறப்புறுப்பு வழியாகவோ வெளியே கொண்டுவந்து, நாலு பக்கமும் விரித்து வைத்து, சுற்றிலும் துணி அடைத்து, பைக்குள்ளேயே குழாய் விட்டு நீரை உறிஞ்சிச் சுருங்கவைத்து வெளியே எடுப்பார்கள்.

கெடுவது பெரும்பாலும் இந்தப் பத்து நிமிஷத்தில்தான். பை சிறிதாகிப் போகும். அவசரப்பட்டுப் பல்லுள்ள இடுக்கியால் பையைப் பிடித்தால் கிழியும். கட்டி கீறலைவிடப் பெரிதாக இருந்தும் பலமாக இழுத்தால் உள்ளே வெடிக்கும். ரோபோவில் இழுவிசை கைக்குத் தெரியாததால், இடுப்புச் சுவரோடு ஒட்டியிருக்கும் கட்டியைப் பிரிக்கும்போது உறை நைந்துபோவதும் உண்டு. எல்லாம் சரியாக நடந்தாலும் ஒரு கணக்கு இடிக்கும். நீர் நிரம்பிய 15 சென்டிமீட்டர் கட்டியை பைக்குள் வற்றவைத்துச் சிறு துளை வழியாக எடுக்கலாம். கெட்டியான 12 சென்டிமீட்டர் கட்டி வற்றாது. அதை முழுசாக எடுக்க எப்படியும் பெரிய கீறல் வேண்டும். அப்படியிருக்க முதலிலேயே ஏன் நேராகத் திறக்கக் கூடாது என்பது பெரும்பாலான புற்றுநோய் அறுவை மருத்துவர்களின் வாதம். இதற்குச் சரியான மறுவாதத்தை யாரும் வைத்ததில்லை.

ரோபோவுக்கு ஏற்ற கட்டி என்று அவர்கள் கைகாட்டுவது இதை: பரவல் எதுவும் ஸ்கேனில் தெரியவில்லை, அளவு 8 அல்லது 10 சென்டிமீட்டருக்குள், அசையக்கூடியது, புற்றாக இருக்கலாம் என்ற சந்தேகம் மட்டும் இருக்கிறது. இங்கே நடக்கும் வேலையைப் படிப்படியாகப் பார்த்தால் ரோபோவின் பலம் புரியும்.

மயக்கம் கொடுத்தபின் கட்டிலைத் தலைப்பக்கம் 25 டிகிரிவாக்கில் தாழ்த்துவார்கள், குடல் மேலே சரிந்து இடுப்புப் பகுதி காலியாகும். கார்பன் டை ஆக்சைடு வாயுவால் வயிற்றை உப்பவைப்பார்கள், அழுத்தம் 12 மில்லிமீட்டர் பாதரசம் அளவில். முன்பே சிசேரியனோ கர்ப்பப்பை அறுவையோ ஆனவர்களுக்குத் தொப்புளின் அடியில் குடல் ஒட்டியிருக்கலாம். அவர்களுக்கு இடது விலா எலும்புக்கு மூன்று சென்டிமீட்டர் கீழே முதல் துளையைப் போடுவது பாதுகாப்பு. கட்டி பெரிதாக இருந்தால் கேமராத் துளை தொப்புளுக்கு மேலே போகும். மற்றத் துளைகள் ஒரே வரிசையில், ஒன்றுக்கொன்று சுமார் 8 சென்டிமீட்டர் இடைவெளியில். இடைவெளி குறைந்தால் வெளியே ரோபோவின் கைகள் ஒன்றோடொன்று மோதி நிற்கும், அரை மணி நேரம் வீணாகும்.

எதையும் தொடுவதற்கு முன் வயிறு முழுக்கக் கேமராவைச் சுழற்றிப் பார்க்க வேண்டும்: கல்லீரலின் மேல்பரப்பு, உதரவிதானம், குடல், குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரையான ஒமென்டம். பரவல் கண்ணில் பட்டால் ரோபோத் திட்டம் அங்கேயே முடிந்தது. இல்லையென்றால் உப்பு நீர் விட்டுக் கழுவி, அந்த நீரை செல் பரிசோதனைக்கு எடுப்பார்கள். பிறகு சினைப்பைக்கு இரத்தம் கொண்டுவரும் நாளங்கள் ஓடும் தசைநார். இதன் அடியிலேயே சிறுநீரகத்திலிருந்து இறங்கும் யூரிட்டர் குழாய் இடுப்பு எலும்பின் விளிம்பைக் கடக்கிறது. வயிற்று உறையைப் பக்கவாட்டில் திறந்து, யூரிட்டர் புழுப்போல நெளிவதைக் கண்ணால் பார்த்து, இரண்டுக்கும் நடுவே ஒரு ஜன்னல் வெட்டி, அதன் பிறகே நாளங்களைச் சுட்டு மூடி வெட்ட வேண்டும். பெரிதாகத் தெரியும் பார்வையும் மடங்கும் நுனியும் இந்த இடத்தில் செய்கிற உதவியை ரோபோவில் பழகியவர்கள் எல்லாருமே ஒப்புக்கொள்கிறார்கள்.

கட்டி பைக்குள் வெளியே வந்ததும் ஃப்ரோசன் செக்‌ஷன். நோய்க்குறியியல் மருத்துவர் ஒரு துண்டை உறையவைத்து, மெல்லியதாகச் சீவி, ஏறத்தாழ அரை மணி நேரத்தில் முடிவு சொல்வார். நோயாளி மயக்கத்திலேயே காத்திருப்பார். புற்று இல்லை என்றால் அறுவை முடிந்தது. புற்று என்றால் ஒமென்டத்தை எடுத்து, வயிற்று உறையில் பல இடங்களில் துண்டு எடுத்து, வகையைப் பொறுத்து நிணநீர்க் கணுக்களும் எடுக்க வேண்டும். பிள்ளை பெற விரும்பும் பெண்ணாக இருந்தால் மறுபக்கச் சினைப்பையும் கர்ப்பப்பையும் தப்பும். அந்த நல்ல சினைப்பையைச் சும்மா கீறிப் பார்க்கவும் கூடாது. கொழகொழப்பு நிரம்பிய பெரிய கட்டிகளில் ஃப்ரோசன் ஏமாற்றும், ஒரு மூலையில் மட்டும் புற்று ஒளிந்திருக்கும். ஃப்ரோசன் வசதி இல்லாத மருத்துவமனையில் சந்தேகக் கட்டிக்கு ரோபோ இருந்தும் பயனில்லை. விளம்பரத்தில் இந்த வசதியைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது, ஆனால் கேட்க வேண்டியது இதைத்தான்.

மேல் வயிற்றுக்குப் போகும்போது ரோபோ கொஞ்சம் திணறும். கைகள் இடுப்பைப் பார்த்து மாட்டப்பட்டிருக்கும், ஒமென்டம் இருப்பதோ எதிர்த்திசையில். பழைய மாடல்களில் எல்லாக் கையையும் கழற்றி, கட்டிலையோ வண்டியையோ திருப்பி மறுபடி மாட்ட வேண்டும். 2014ல் வந்த டாவின்சி எக்ஸ்.ஐ. மாடலில் மேலேயுள்ள கம்பம் சுழலும், வேலை சுலபம். ஆனாலும் மண்ணீரல் மூலையில் ஒமென்டத்தின் கடைசித் துண்டை விட்டுவிடுவது எந்தத் துளை வழி முறையிலும் வரக்கூடிய குறை.

வயிறு முழுக்கப் பரவியிருந்தால்

நம் பெண்கள் பலர் மூன்றாம் நிலையில்தான் வருகிறார்கள். வயிறு உப்புசம், நாலு வாய் சாப்பிட்டதும் நிறைந்துவிடுவது, அடிக்கடி சிறுநீர் என்பதைக் கேஸ் டிரபிள் என்று மாதக்கணக்கில் மருந்து வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பார்கள். ஐம்பது வயதுக்கு மேல் இந்தத் தொல்லை புதிதாக வந்து இரண்டு மூன்று வாரம் நின்றால் ஒரு வயிற்று ஸ்கேனும் சி.ஏ.125ம் எடுப்பதில் தள்ளிப்போட ஒன்றுமில்லை.

பரவிய நோயில் அறுவையின் இலக்கு ஒன்றே: கண்ணுக்குத் தெரியும் புற்று ஒரு கடுகளவுகூட மிஞ்சக் கூடாது. ஆயுளைத் தீர்மானிப்பதில் இதற்கு இணையான வேறு விஷயம் அறுவையில் இல்லை. இதற்கு நடு வயிற்றில், விலாக்கூட்டுக்குக் கீழிருந்து அடிவயிறு வரை நீளமாகத் திறக்கிறார்கள். மருத்துவர் ஏறத்தாழ ஆறு மீட்டர் சிறுகுடலையும் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஓட்டிப் பார்ப்பார். கேழ்வரகு மணி அளவு முடிச்சு கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தட்டுப்படும். கல்லீரலைக் கீழே இறக்கி, அதன் பின்னால் உதரவிதானத்தில் ஒட்டிய படலத்தை உரித்தெடுப்பார். தேவைப்பட்டால் குடல் துண்டும் மண்ணீரலும் போகும். தொடு உணர்வு இல்லாத கருவியால், இடுப்பை நோக்கி மாட்டிய கைகளால் இதைச் செய்ய முடியும் என்று பொறுப்புள்ள யாரும் சொல்வதில்லை. முதல் அறுவையாகவே பரவிய நோயை அகற்றுவதில் ரோபோவுக்கு இடமில்லை என்பதில் கருத்து வேறுபாடு மிகக் குறைவு.

ஆனால் எல்லாருக்கும் முதலிலேயே அறுவை செய்ய முடியாது. முழுசாக அகற்ற முடியுமா என்று தெரிந்துகொள்ள ஒரு சிறு கேமராவை உள்ளே விட்டுப் பார்த்து மதிப்பெண் போடும் வழக்கம் உண்டு. இத்தாலிய மருத்துவர் ஃபகோட்டியின் பெயரால் அழைக்கப்படும் முறை. ஒமென்டம், உதரவிதானம், குடல் தாங்கி, கல்லீரல் என்று ஒவ்வொன்றிலும் நோய் இருந்தால் 2 மதிப்பெண். 8 வந்தால் இப்போது திறந்தாலும் மிச்சம் வைக்கத்தான் நேரும் என்று பொருள். அப்போது கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல் மருந்துகளை மூன்று சுற்று கொடுத்து நோயைச் சுருக்கி, பிறகு அறுவை. 2010ல் வெளியான ஐரோப்பிய ஆய்வும் 2015ல் வெளியான பிரிட்டன் ஆய்வும் இந்த வழி முதல் அறுவைக்குக் குறைந்ததல்ல என்று காட்டின.

உண்மையான கருத்து வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. கீமோவுக்கு நோய் நன்றாகக் கரைந்து, சி.ஏ.125 சாதாரண அளவுக்கு இறங்கி, ஸ்கேனில் மிச்சம் ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் தெரிந்தால், அந்த இடைக்கால அறுவையை ரோபோவில் செய்யலாமா? செய்யலாம் என்பவர்கள் சொல்லும் காரணம் வலுவானது. நீண்ட கீறல் ஆறி, சாப்பாடு பிடித்து, அடுத்த கீமோ தொடங்கத் தாமதமாகும். துளை வழி என்றால் உடம்பு சீக்கிரம் தேறும், கீமோ சொன்ன தேதியில் தொடங்கும். கூடாது என்பவர்கள் சொல்வதும் தள்ளக்கூடியதல்ல. கீமோவுக்குப் பிறகு புற்று இருந்த இடம் தழும்பாகிக் கெட்டிப்படும். கண்ணுக்குச் சாதாரணத் தழும்பாகத் தெரிவதில் உயிருள்ள புற்று இருக்கும், விரல்தான் அதைக் கண்டுபிடிக்கும். இதற்கு விடை காணத்தான் லான்ஸ் என்ற பெரிய ஒப்பீட்டு ஆய்வு பல நாடுகளில் நடத்தப்படுகிறது. கீமோவுக்கு நன்றாகப் பணிந்த நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு, ஒரு பாதிக்குத் துளை வழி, மறு பாதிக்குத் திறந்த அறுவை.

'முடிவு வரட்டும்' என்று சொல்பவர்கள் பழமைவாதிகள் அல்ல. அவர்கள் ஒரு முறை சூடு கண்டவர்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு லேப்ராஸ்கோப்பி, ரோபோ வழியாகச் செய்யும் பெரிய அறுவை நல்லது என்று உலகமே பத்து வருஷத்துக்கு மேல் நம்பியது. இரத்த இழப்பு குறைவு, வீட்டுக்குச் சீக்கிரம் போகலாம். 2018ல், அதைத் திறந்த அறுவையோடு ஒப்பிட்ட லாக் ஆய்வு வெளியானது. நாலரை ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் திறந்த அறுவையில் 96.5 சதவீதம், துளை வழியில் 86 சதவீதம். சிறிய தழும்பு நல்ல சிகிச்சைக்கு அடையாளமாகாது என்று அன்று எல்லாரும் கற்றார்கள். 2019 பிப்ரவரியில் எஃப்.டி.ஏ.யும், புற்றுநோய் சிகிச்சையில் ரோபோ அறுவையின் பாதுகாப்பும் பலனும் நிறுவப்படவில்லை என்று எச்சரித்தது. சினைப்பைப் புற்று வேறு நோய்தான், அதன் முடிவு வேறாகவும் வரலாம். ஆனால் முடிவு தெரியும் வரை அது தேர்ந்த நோயாளிகளுக்கு, தேர்ந்த கைகளில் மட்டும் என்பதுதான் நடுநிலையான நிலை.

புற்றில்லாத கட்டியில்

இங்கே கேள்வி பாதுகாப்பைவிடத் தேவையைப் பற்றியது. டெர்மாய்டு, சாதாரண நீர்க்கட்டி, முறுக்கிக்கொண்ட கட்டி இவற்றுக்கு லேப்ராஸ்கோப்பியே போதும். மூன்று துளை, ஒரு மணி நேரம், மறுநாள் வீடு. லேப்ராஸ்கோப்பியில் கைதேர்ந்தவர்களுக்குக் கோவையில் பஞ்சமில்லை, குடல் அறுவையில் இந்த ஊர் நாடு முழுவதிலிருந்தும் மருத்துவர்கள் வந்து பயிலும் இடம். அமெரிக்காவில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களின் கர்ப்பப்பை அறுவைகளை ஒப்பிட்டு 2013ல் வெளியான ஆய்வில், சிக்கல்கள் லேப்ராஸ்கோப்பிக்கும் ரோபோவுக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன, செலவு மட்டும் ரோபோவில் 2,000 டாலருக்கு மேல் கூடியது. எளிய கட்டிக்கும் இதே நியாயம்தான். பிஆர்சிஏ மரபணுக் கோளாறுக்காக நல்ல சினைப்பையை முன்கூட்டியே எடுக்கும்போதும் ரோபோவால் கூடுதல் லாபம் இல்லை.

விலக்கு இரண்டு உண்டு. ஒன்று, சாக்லேட் கட்டி குடலோடும் யூரிட்டரோடும் கர்ப்பப்பையின் பின்புறத்தோடும் ஒட்டி, இடுப்பே சிமென்ட் போட்டதுபோல் உறைந்திருக்கும் முற்றிய எண்டோமெட்ரியோசிஸ். மூன்று நாலு மணி நேரம் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் பிரிக்கும் வேலை. இங்கே ரோபோ விலைக்கேற்ற வேலை செய்கிறது. இன்னொன்று, உடல் பருமன் மிகுந்தவர்கள். தடித்த வயிற்றுச் சுவரில் நேர்க்கம்பியை நெம்பி நெம்பி மருத்துவரின் தோளும் கழுத்தும் போகும். ரோபோவுக்கு அந்த எடை ஒரு பொருட்டில்லை. மருத்துவரின் உடம்பு நோகாமலிருப்பது சொகுசல்ல. நாலாவது மணி நேரத்திலும் கை சோராமலிருப்பதன் பலன் நோயாளிக்குத்தான்.

இயந்திரம் சார்ந்த சிக்கல்களையும் தெரிந்துகொள்ள வேண்டும். தலை தாழ்த்திய நிலையில் நோயாளி கட்டிலில் அங்குலம் அங்குலமாகச் சரிவார். துளைகள் நகராமல் உடம்பு நகர்ந்தால் வயிற்றுச் சுவர் கிழிபடும், தோளில் முட்டுக் கொடுத்தால் கை நரம்பு நசுங்கும். அதனால் முதுகுக்கு அடியில் வழுக்காத நுரை மெத்தை போடுகிறார்கள். மின்சாரக் கத்தரியின் நுனி உறையில் விரிசல் இருந்தால் மின்பொறி குடலைச் சுடும். அது அன்றே தெரியாது. சூடுபட்ட யூரிட்டர் ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் ஓட்டையாகும். பெரிய நாளம் பீறிட்டால், கன்சோலில் உட்கார்ந்திருப்பவர் உடை மாற்றிக்கொண்டு கட்டிலருகே வர நேரமாகும். அதனால் நோயாளி பக்கத்தில் நிற்கும் உதவி மருத்துவர் யார் என்பது கன்சோல் மருத்துவர் யார் என்பதற்குச் சமமான கேள்வி. இரத்தம் வரும் இடத்தை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மற்றக் கைகளைச் சட்டென்று கழற்றி வயிற்றைத் திறக்கும் பயிற்சியை நல்ல குழுக்கள் வருஷத்துக்குச் சிலமுறை ஒத்திகை பார்க்கின்றன.

காசும் காப்பீடும்

சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் 2022 மார்ச்சில் தொடங்கிய ரோபோ மையத்துக்கு அரசு ஏறத்தாழ 35 கோடி ரூபாய் செலவிட்டது. தனியார் மருத்துவமனை இந்த மாதிரி முதலீட்டை நோயாளியிடமிருந்துதான் எடுக்க வேண்டும். கருவிகளுக்கும் ஆயுள் எண்ணிக்கை உண்டு, பல டாவின்சி கருவிகள் 10 முதல் 18 முறை வரைதான். அதற்குப் பின் இயந்திரமே ஏற்காது. வருடப் பராமரிப்புச் செலவு வேறு. தனிநபர் காப்பீட்டில், ரோபோ அறுவையைச் சேர்க்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019ல் வழிகாட்டியது. ஆனால் உள் வரம்பு வைக்க நிறுவனங்களுக்கு இடம் கொடுத்தது. ஐந்து லட்சம் பாலிசி இருந்தும் ரோபோவுக்கு அதில் ஒரு பகுதிதான் என்று டிஸ்சார்ஜ் அன்று தெரிந்து நகையைக் கொண்டு ஓடுகிற குடும்பங்கள் உண்டு. பாலிசித் தாளில் 'நவீன சிகிச்சை முறைகள்' என்ற பத்தியை முன்பே படிக்க வேண்டும்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உண்டு, ஆண்டுக்கு 5 லட்சம் வரை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளருக்கு இ.எஸ்.ஐ. உண்டு, கோவை சிங்காநல்லூரில் அதன் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பரவிய சினைப்பைப் புற்றுக்கு நல்ல கையால் நடக்கும் திறந்த அறுவையே உயர்ந்த சிகிச்சை. காசில்லாததால் ரோபோ கிடைக்கவில்லை என்று எந்தப் பெண்ணும் குற்ற உணர்வோடு படுக்கக் கூடாது. அவளுக்குக் கிடைத்தது குறைந்த சிகிச்சை அல்ல.

ரோபோ என்று முடிவானால் கேட்க வேண்டியவை சில. பாதியில் வயிற்றைத் திறக்க நேர்ந்தால் மொத்தச் செலவு எவ்வளவு? திறக்க ஒப்புதல் படிவத்தில் இடம் இருக்கிறதா? திறந்தால் பரவிய நோயை அகற்றத் தெரிந்தவர் அதே தியேட்டரில் இருப்பாரா? கடைசிக் கேள்விக்கு "கூப்பிட்டுக்கலாம்" என்று பதில் வந்தால் இன்னொரு கருத்துக் கேட்பது நல்லது.

வீட்டுக்குப் போவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. துளை வழி அறுவைக்குப் பிறகு இரண்டாம் நாளே அனுப்புவார்கள். வால்பாறைக்காரர் அன்றே நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போவது உசிதமில்லை. பொள்ளாச்சியிலோ கோவையிலோ உறவினர் வீட்டில் ஒரு வாரம் தங்கினால், சூட்டுக் காயத்தின் அறிகுறி வந்தால் உடனே திரும்பி வரலாம். காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வயிற்று வலி, வாந்தி, பக்க இடுப்பில் வலி, பிறப்புறுப்பு வழியே நிற்காமல் நீர்க்கசிவு இவற்றில் எது வந்தாலும் தெரிந்த மாத்திரை போட்டுக் காத்திருக்கக் கூடாது. புற்றுநோய் அறுவை ஆனவர்களுக்குக் காலில் இரத்தம் உறையாமலிருக்க 28 நாள் தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசி எழுதுவார்கள். வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிடுவது வழக்கமாகிவிட்டது, நிறுத்தக் கூடாது.

டிஸ்சார்ஜ் தாளோடு ஆபரேஷன் குறிப்பின் நகலையும், ஒரு வாரத்தில் வரும் பயாப்சி ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கி ஒரே ஃபைலில் வைக்க வேண்டும். அதில் இரண்டு வரிகளைத் தேடிப் பார்க்க வேண்டும். கட்டியின் உறை முழுசாக இருந்ததா, கிழிந்ததா, கிழிந்திருந்தால் வயிற்றுக்குள்ளா பைக்குள்ளா என்பது ஒன்று. அறுவை முடிந்தபோது கண்ணுக்குத் தெரிந்த நோய் ஏதாவது மிஞ்சியதா, எங்கே, எத்தனை மில்லிமீட்டர் என்பது இன்னொன்று. இரண்டில் எது எழுதப்படாமல் இருந்தாலும் தையல் பிரிக்கப் போகும் நாளில் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். கீமோ தேவையா, எத்தனை சுற்று என்று அடுத்து முடிவெடுப்பவர் முதலில் புரட்டப்போவது அந்தப் பக்கத்தைத்தான்.